Re: கலைச்சொல் – பிரிட்டன்ல எம்பி சீட்டை விடுறதுக்காக வாங்குற அந்தப் பேர் பதவிக்கு என்ன சொல்லலாம்?

> "ராஜினாமா செய்தார்"னு போட்டா போதாதா? எதுக்கு புதுசா ஒரு சொல்?

போதாதுங்க ஐயா. பிரிட்டன் கீழவையில எம்பிக்கு ராஜினாமானு ஒண்ணே கிடையாது, 1624ல போட்ட தீர்மானம் இன்னும் நிக்குது. வெளிய வரணும்னா ராஜாவோட ஆதாயப் பதவி ஒண்ண வாங்கணும், வாங்கின கையோட சீட் காலி. அதுக்குன்னே சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ், நார்த்ஸ்டெட்னு ரெண்டு பதவிய வச்சிருக்காங்க, சம்பளமும் இல்ல வேலையும் இல்ல. (ஹண்ட்ரட்னா நம்ம பிர்கா மாதிரி ஒரு பகுதி, தயவுசெஞ்சு "நூறுகள்"னு போட்றாதீங்க.)

நான் எழுதிட்டிருக்கிற கட்டுரைல 1938 கடைசில நடந்த மூணு இடைத்தேர்தல் வருது. ஆக்ஸ்போர்டுல எம்பி இறந்துட்டாரு, அதுல சிக்கல் இல்ல. பிரிட்ஜ்வாட்டர்ல எம்பி நிஜமாவே ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகி சீட்டை விட்டாரு. கின்ராஸ் மேற்கு பெர்த்ஷயர்லதான் இந்தப் பேர் பதவி. அங்க எம்பி அத்தோல் சீமாட்டி, ஸ்காட்லாந்தோட முதல் பெண் எம்பி, 1923லேர்ந்து கன்சர்வேடிவ். 1935ல இந்தியச் சட்ட மசோதா ரொம்ப தாராளமா இருக்குனு சண்டை போட்ட அதே அம்மாதான் ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல குடியரசு பக்கம் நின்னு "சிவப்புச் சீமாட்டி"னு பேர் வாங்கினாங்க! பிரதமர் சேம்பர்லேன் ஹிட்லரோட போட்ட மியூனிக் ஒப்பந்தத்தையும் எதிர்த்ததும் உள்ளூர் கட்சி வேற வேட்பாளரத் தேட ஆரம்பிச்சுடுச்சு, இவங்க சரி மக்களே சொல்லட்டும்னு சீட்டை விட்டு சுயேச்சையா இறங்கினாங்க. கூத்து என்னன்னா அந்தப் பதவிய கொடுக்கிறது நிதியமைச்சர், அப்போ அது சர் ஜான் சைமன், சேம்பர்லேன் ஆளு. அரச எதிர்த்து நிக்க அரசுகிட்டயே போய் பதவி கேக்கணும். டிசம்பர் 21, கொட்டுற பனில ஓட்டுப்பதிவு, 1,313 ஓட்டுல தோத்தாங்க.

இப்ப சொல்லுங்க, "பதவி ஏற்றதால் இடம் காலியானது"னு எழுதினா ஜட்ஜ் ஆனவரும் இவங்களும் ஒண்ணாயிடுறாங்க, "ராஜினாமா"னா சட்டப்படி தப்பு. அதனால என் பரிந்துரை: விலகுபதவி. வினைத்தொகை, சுடுகாடு மாதிரி. பதவியோட வேலையே விலகுறதுதான்னு பாத்ததுமே புரியும்.

----

> என் பரிந்துரை: விலகுபதவி

அண்ணே, "ஒப்புக்குப் பதவி"னு வச்சா என்ன? சம்பளம் இல்ல வேலை இல்லனு நீங்களே சொல்றீங்க, ஒப்புக்குச் சப்பாணிதானே. விலகுபதவினா விலகிப் போன பழைய பதவினு யாராவது படிச்சுட மாட்டாங்களா?

----

தம்பி, ஒப்புக்குப் பதவி கேக்க நல்லா இருக்கு, ஆனா துறை இல்லாத மந்திரிலேர்ந்து சங்கத்துக் கௌரவத் தலைவர் வரைக்கும் எல்லாருமே அதுல வந்துடுவாங்க. இங்க வேலை இல்லாதது முக்கியமில்ல, வாங்கின உடனே சபைய விட்டு வெளிய தள்ளுதே அதான் முக்கியம். பழைய பதவினு குழப்பம் வரும்ங்கிறது நியாயம்தான், முதல் தடவ வர்ற இடத்துல ஒரு வரி விளக்கம் போட்டுடலாம்.

வினைச்சொல் "விலகுபதவி ஏற்றார்"னு வேணாம், பதவிப் பிரமாணம் எடுத்த மாதிரி இருக்கு. "கேட்டுப் பெற்றார்"னு போடலாம், விண்ணப்பிச்சுத்தான வாங்குறாங்க. வேற ஆட்சேபம் இல்லன்னா விக்சனரில ஏத்திடறேன்.