28 மி.மீ. விதிகளை 10 மி.மீ. படைக்கு மாற்றுவது எப்படி?

பகடைப்பிரியன்:

வணக்கம். போல்ட் ஆக்‌ஷன் என்ற இரண்டாம் உலகப் போர் பொம்மைப் படை விளையாட்டின் இரண்டாம் பதிப்பை வைத்து நார்மண்டி 1944 ஆடலாம் என்று இருக்கிறேன். விதிகள் 28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கும் 6×4 அடி மேசைக்கும் எழுதியவை. வீட்டில் இருப்பது நாலடிக்கு இரண்டரை அடி சாப்பாட்டு மேசை. அதையும் ராத்திரி எட்டு மணிக்குக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். அதனால் 10 மி.மீ. படைகளாக வாங்கிவிட்டேன், பிரிட்டிஷ் ஒரு பிளட்டூன், ஜெர்மன் ஒரு பிளட்டூன். தூரங்களை எதால் வகுப்பது? 10/28 என்று கணக்குப் போட்டால் ரைஃபிளின் 24 இஞ்ச் 8.57 இஞ்ச் ஆகிறது. இதை எந்த டேப்பில் அளப்பது?

செம்மண்:

இஞ்ச் என்று போட்டிருக்கும் இடத்திலெல்லாம் செ.மீ. என்று படியுங்கள், முடிந்தது. ரைஃபிள் 24 செ.மீ., நடை 6, ஓட்டம் 12. பலகை 72×48 செ.மீ. மேசையில் பாதிக்கு மேல் மிச்சம், சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

வேலிக்கரை:

செம்மண் சொல்வது கணக்குக்குச் சரி. 28 மி.மீ. 10 மி.மீ. ஆவதும், ஒரு இஞ்ச் (25.4 மி.மீ.) ஒரு செ.மீ. (10 மி.மீ.) ஆவதும் கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான். ஆடும்போதுதான் தொல்லை. ஒரு செக்‌ஷனில் (சிறு குழுவில்) ஆளுக்கு ஆள் 1 இஞ்சுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது விதி. அதை 1 செ.மீ. ஆக்கிவிட்டுப் பத்துப் பேரை நகர்த்திப் பாருங்கள். பொம்மை சின்னதாகிவிட்டது, விரல் பழைய விரல்தான். 28-இல் யாரும் கண்டுகொள்ளாத 2 மி.மீ.க்கு இங்கே சண்டை வரும்.

நான் எல்லாத் தூரத்தையும் பாதியாக்கி ஆடுகிறேன். ரைஃபிள் 12 இஞ்ச், சப்மெஷின் கன் 6, நடை 3. பலகை 3×2 அடி, உங்கள் மேசையில் தாராளமாக உட்காரும். பழைய இஞ்ச் டேப்பே போதும்.

பத்து மி.மீ.க்குப் பாதி அதிகமில்லையா என்று யாராவது கேட்பார்கள். 28-லேயே எங்கே ஒத்துப்போகிறது? 28 மி.மீ.க்கு உரிய 1/56 ஸ்கேலில் 24 இஞ்ச் என்பது நிஜத்தில் 34 மீட்டர். பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துப்பாக்கியில் குறிபார்க்கும் சைட்டில் 1300 கஜம் வரை குறி உண்டு! இந்த ரேஞ்ச் எல்லாம் மேசையின் அகலத்துக்காக வைத்தவை, பொம்மையின் உயரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. 10 மி.மீ.யை 1/150 என்று வைத்தால் 12 இஞ்ச் 46 மீட்டர் வருகிறது. கெட்டுப்போக ஒன்றுமில்லை.

விட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. ரேஞ்சில் பாதியைத் தாண்டிச் சுட்டால் டைஸ் எண்ணில் -1 என்பது தானாகவே சரியாகிவிடும். ஆனால் 6 இஞ்சுக்குள் சுட்டால் +1 என்பது நேரடி எண், அதை 3 ஆக்க வேண்டும். மறந்தால் ஆட்டம் முழுக்கப் பக்கத்திலிருந்தே சுட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் வீடுகள். தூரம் பாதிதான் ஆகிறது, 10 மி.மீ. வீடு அதைவிடச் சின்னது. ஒரு வீடு வைக்கும் இடத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே அட்டையில் ஒட்டி, விதிக்கு அதை ஒரே கட்டடமாக எண்ணுங்கள். பார்வைக்கும் நார்மண்டி கிராமம் மாதிரி இருக்கும். வேலி சூழ்ந்த சின்னச் சின்ன வயல்களையும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள், அந்த ஊர்ச் சண்டையே வயலுக்கு வயல் நடந்ததுதான்.

சாம்பல்_பிரைமர்:

வேலிக்கரை அண்ணன் பேஸைப் பற்றி, அதாவது பொம்மை நிற்கும் அடித்தட்டைப் பற்றிப் பேசவில்லை. மீடியம் மோர்ட்டாரின் குண்டு வெடிக்கும் பரப்பைக் காட்டும் 2 இஞ்ச் டெம்ப்ளேட்டை (வட்டத் தகட்டை) 1 இஞ்ச் ஆக்கினால், 25 மி.மீ. பேஸும் 12 மி.மீ. ஆக வேண்டும். 20 மி.மீ. பேஸில் ஒட்டினால் டெம்ப்ளேட்டுக்குக் கீழே ஆள் குறைந்து மோர்ட்டார் சவசவ என்று ஆகிவிடும். எனக்கு டெம்ப்ளேட்டே வேண்டாம். முதல் பதிப்பில் எத்தனை அடி விழுந்தது என்பதை டைஸ்தான் சொல்லும். அந்த முறைக்குப் போனால் மூன்று பேரை ஒரே பேஸில் ஒட்டலாம், இறந்தவர்களை எண்ணப் பக்கத்தில் ஒரு சின்ன டைஸ்.

பகடைப்பிரியன்:

மிக்க நன்றி. பாதி, மூன்று பேருக்கு ஒரு பேஸ், டெம்ப்ளேட் இல்லை. இந்த ஞாயிறு ஆடிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: நண்பரிடம் 28 மி.மீ. பொம்மைகளின் த்ரீடி பிரிண்ட் ஃபைல்கள் இருக்கின்றன. 36 சதவீதத்துக்குச் சுருக்கி அடித்துக்கொள்ளலாமா?

சாம்பல்_பிரைமர்:

வேண்டாம். 1 மி.மீ. துப்பாக்கிக் குழல் 0.36 மி.மீ. ஆகும், அச்சடிக்கும்போது பொம்மையைத் தாங்கும் சப்போர்ட்டைப் பிய்க்கும்போதே கூட வந்துவிடும். 10 மி.மீ.க்கென்றே செதுக்கிய ஃபைல் வாங்குங்கள். அவற்றில் தலையையும் துப்பாக்கியையும் வேண்டுமென்றே தடியாக வைத்திருப்பார்கள். டாங்கிகளைச் சுருக்கலாம், பெரிய குழல்கள் தாங்கும். மேலே இருக்கும் மெஷின் கன்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஒரு துண்டு கம்பி ஒட்டுங்கள்.