24 பாட்டுக்கு 19 லட்சம் டொலரா? சும்மா பயம் காட்ட வேண்டாம்

உவர்மலையான்:
நேற்று நிலாவெளிக் காற்று இங்கே எழுதியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஒரு பெண் 24 பாட்டு டவுன்லோட் செய்தாராம், 19 லட்சம் டொலர் தண்டமாம், ஆகவே திருகோணமலையில் டொரன்ட் பாவிக்கிற பொடியன்களும் கவனமாம். இரவு நித்திரையே வரவில்லை. பயத்தில் இல்லை, எரிச்சலில். அந்தப் பெண் மாட்டியது எடுத்ததற்காக இல்லை, கஸா (Kazaa) என்கிற பாட்டுப் பகிர்வு மென்பொருளில் மற்றவர்கள் எடுக்கும்படி பகிர்ந்ததற்காக. 19 லட்சத்து 20 ஆயிரம் என்பது 2009இல் இரண்டாவது விசாரணையில் ஜூரி சொன்ன தொகை. 2012இல் மேன்முறையீட்டில் நிலைத்தது 2 லட்சத்து 22 ஆயிரம்.

நிலாவெளிக் காற்று:
2 லட்சத்து 22 ஆயிரம் டொலர் என்ன, மரக்கறி வாங்குகிற காசா? பாட்டு 24தானே? அதைத்தான் சொன்னேன்.

உவர்மலையான்:
நீங்கள் சொன்னது "டவுன்லோட்". நான் சொல்வது "பகிர்ந்தது". கஸாவில் இருந்தது 1,700 பாட்டுக்கு மேல், வழக்குக்கு எடுத்தது 24.

பாலையூற்றுப் பொடியன்:
அண்ணை, டொரன்ட்டில் இறக்கும்போதே நம்மிடம் வந்த துண்டுகள் மற்றவனுக்கும் போய்க்கொண்டிருக்கும். அப்போது எடுப்பது எது, பகிர்வது எது?

உவர்மலையான்:
தம்பி, அது வேறு கதை. இங்கே பேச்சு கஸா.

நிலாவெளிக் காற்று:
குற்றச்சாட்டில் நகலெடுத்ததும் இருந்தது, பகிர்ந்ததும் இருந்தது. பாதியை விழுங்கிவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறார். வேறு யாரும் இல்லை, மத்திய வீதியில் கொப்பி சிடி விற்ற அதே ஆள்தான்!

உவர்மலையான்:
வந்துவிட்டதா கடைக் கதை! ஆமாம், விற்றேன். அன்றைக்கு இந்த ஊரில் ஒறிஜினல் சிடி எங்கே இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம். ஒருநாள் வந்து இரண்டு பெட்டி அள்ளிக்கொண்டு போனார்கள், அதை நான் மறைக்கவில்லை. சட்டம் தெரியாமல் அடிபட்டவன் என்பதால்தான் பிறகு படித்தேன். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முதல் தடவை என்றால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது 6 மாத மறியல், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அது ரூபாய், டொலர் இல்லை! அமெரிக்காவில் 1999இல் நாப்ஸ்டர் என்கிற பாட்டுப் பகிர்வுச் சேவை மீது வழக்கு, 2001இல் பூட்டு. 2005இல் குறொக்ஸ்டர் என்கிற பகிர்வு மென்பொருள் வழக்கில் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? களவாக நகலெடு என்று தூண்டிவிட்டு மென்பொருள் கொடுப்பவனும் பொறுப்பு. எல்லாம் "கொடுப்பவன்", விளங்குதா? எடுப்பவன் இல்லை. அந்தப் பெண்ணின் முதல் தீர்ப்பையே, எடுக்கும்படி வைத்திருந்தாலே பகிர்ந்ததாகிவிடும் என்று ஜூரிக்குச் சொன்னது பிழை என்று, 2008இல் அதே நீதிபதி தள்ளிவைத்து மறுவிசாரணைக்குப் போட்டார். இதெல்லாம் நிலாவெளிக்கு எட்டவில்லையாக்கும்.

கிண்ணியா நானா:
கோப்புகளை ஏற்றி வைக்கிற மெகாஅப்லோட் தளத்தை 2012இல் பூட்டியபோது சொந்தக் கோப்புகளை வைத்திருந்தவனுக்கும் கதவு சாத்தியதுதான். அதைப் பற்றி யாராவது பேசுங்களேன். 24, 24 என்று சந்தையில் மீன் எண்ணுகிற மாதிரி இருக்கிறது.

நிலாவெளிக் காற்று:
நானா, அவரிடம் அதைக் கேட்காதீர்கள். கடையில் என்னிடம் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கே இன்னும் திரும்பி வரவில்லை.

உவர்மலையான்:
பழுதான டிஸ்க்கைத் தந்துவிட்டு பேச்சைப் பாருங்கள்! அதில் இருந்த படமெல்லாம் நீங்கள் எங்கே இறக்கினீர்கள் என்று நான் இங்கே எழுதவா?

பாலையூற்றுப் பொடியன்:
எழுதுங்கள் அண்ணை, பகிர்ந்ததாகவா, எடுத்ததாகவா?

நிலாவெளிக் காற்று:
எப்படி எழுதினாலும் பாட்டு 24.

உவர்மலையான்:
பகிர்ந்தது!