புதுப்பிப்பு: கடல்நீர்த் தொட்டியில் நத்தைகள் சாவது நின்றது

சித்திரையில் கேட்டிருந்தேன்: பாளையங்கோட்டை வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பாசி தின்ன விடும் டர்போ நத்தைகள் மூன்றே நாளில் கவிழ்ந்து சாகின்றன, ஏன் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மீன் மருந்திலுள்ள தாமிரமோ என்றார் ஒருவர். சோதித்தேன், இல்லை. உப்பளவைப் பார்க்கச் சொன்ன அண்ணாச்சிதான் சரி. உப்பை அளக்கும் என் மிதவைமானி 1.025 காட்டியது (நல்ல தண்ணீர் 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி அவ்வளவு), இரவல் வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) 1.031! நம்மூர் வெயிலில் தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே கிடக்கும் என்பது உறைக்கவே இல்லை.

இப்போது தினமும் ஆர்ஓ தண்ணீர் மட்டும். ஒரு வாரத்தில் மெல்ல 1.025க்கு இறக்கினேன். அப்புறம் புது நத்தைகள் ஐந்தை வாளியில் போட்டு, காற்றுக்குழாயில் முடிச்சிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டுப் பழக்கினேன்.

ஆறு வாரமாகிறது, நாலு உயிரோடு இருக்கின்றன. ஐந்தாவதின் ஓட்டை ஒருநாள் காலையில் துறவி நண்டு (நத்தை ஓட்டில் குடியிருக்கும் நண்டு) மாட்டிக்கொண்டு உலாத்தியது. இதை யாரும் சொல்லவில்லையே! அந்த நண்டுக்கு இப்போது காலி ஓடுகள் போட்டிருக்கிறேன். கண்ணாடியில் பாசி தீர்ந்துவிட்டதால் காய்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டி வைக்கிறேன். இரவில் வந்து மேய்கின்றன.