மறு: போர்க்கால விமானத்தில் இல்லாத பாகத்தைப் புதிதாகச் செய்தால் அதற்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையில் 'போலிப் பாகம்' என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் வரும் போலி வசைச்சொல் இல்லையே என்ற வாதம் சரிதான். ஆனால் அருங்காட்சியகப் பலகையைப் படிக்கிறவர் நன்னூலைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதில்லை. போலி என்றதும் அவருக்குப் போலி மருத்துவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இங்கிலாந்தின் எல்விங்டனில் உள்ள யார்க்‌ஷயர் விமான அருங்காட்சியகத்தில் ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. 6,000-க்கும் மேல் கட்டப்பட்ட வகை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடைத்துப் பழைய உலோகத்துக்குப் போட்டுவிட்டார்கள். இவர்களுக்குக் கிடைத்தது, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூண்டாகக் கிடந்த ஓர் உடற்பகுதி. இறக்கைகள் ஹாலிஃபாக்ஸைக் கட்டிய அதே நிறுவனத்தின் ஹேஸ்டிங்ஸ் போக்குவரத்து விமானத்தில் இருந்து வந்தன. இல்லாத பலவற்றைப் புதிதாகச் செய்தார்கள். 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை, விமானத்தை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள். 128 முறை தாக்குதலுக்குப் போய்த் திரும்பிய 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' என்ற ஹாலிஃபாக்ஸின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். சகுனம் பார்க்காத கூட்டம்!

ஆக ஒரே விமானத்தில் மூன்று வகை. கோழிக்கூண்டு மூலப் பாகம். ஹேஸ்டிங்ஸ் இறக்கையைக் கொடைப் பாகம் எனலாம். உறுப்புக் கொடை என்ற சொல் பழகிவிட்டதால் விளக்கம் தேவைப்படாது. மூன்றாவதுதான் நம் சிக்கல்.

அந்த மூன்றாவதிலும் எல்லாம் ஒன்றல்ல. தொழிற்சாலை வரைபடம் கையில் இருந்தால் தகட்டின் தடிமன், உலோகக் கலவை, எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது வரை எழுதியிருக்கும். வரைபடம் இல்லாமல், ஏரியில் இருந்து எடுத்த நசுங்கிய துண்டை அளந்து செய்தால் நிலைமை வேறு. தேய்மானமும் நெளிவும் சேர்ந்தே அளவில் வரும். எது வடிவமைப்பாளர் போட்ட வளைவு, எது விழுந்ததில் வந்த வளைவு என்று பிரித்தறிய அனுபவசாலி வேண்டும். சில சமயம் இடப்பக்கத் துண்டு மட்டும் இருக்கும். அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வலப்பக்கத்தைச் செய்கிறார்கள்.

'பிரதி', 'படி' இரண்டையும் நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். படியெடுக்க எதிரே ஒன்று இருக்க வேண்டும். அதே போர்க்கால மஸ்கிட்டோ விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பால்சா, இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை. உடலின் வடிவில் செய்த அச்சின் மேல் இரண்டு பாதியாக ஒட்டி, பிறகு சேர்த்துக் கட்டிய மர விமானம். கனடாவில் ஒரு பண்ணையில் கிடந்த கே.ஏ. 114 என்ற எண்ணுள்ள மஸ்கிட்டோவின் மரம் உளுத்துப் போய்விட்டது. நியூசிலாந்தில் அச்சையே புதிதாகச் செய்து, அதன் மேல் உடலை ஒட்டி, 2012-இல் ஆர்ட்மோரில் பறக்கவிட்டார்கள். அந்த உடல் எதன் படி? வேல்ஸின் பிராட்டனில் இடிக்கப்படவிருந்த ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் மஸ்கிட்டோ வரைபடங்கள் 20,000-க்கும் மேல் நுண்படச்சுருள் அட்டைகளாகக் கிடைத்த செய்தி 2017-இல் வெளிவந்தது. அவற்றை வைத்துச் செய்யும் பாகத்துக்கும் முன்னால் ஒரு 'மூலப்படி' இருக்கப்போவதில்லை.

'மாற்றுப் பாகம்' ஹேஸ்டிங்ஸ் இறக்கைக்கும் பொருந்திவிடும். 'மறுவுருவாக்கப் பாகம்' பலகையில் இரண்டு வரி பிடிக்கும்.

என் பரிந்துரை: ஈட்டுப் பாகம். இழந்ததை ஈடுகட்டுவது. தேவைப்படும் இடத்தில் முன்னொட்டு போட்டுக்கொள்ளலாம்: வரைபட ஈடு, அளவை ஈடு, தோற்ற ஈடு. கடைசியது, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளிப்பார்வைக்காக மட்டும் செய்து வைப்பது.

அன்புடன்.

—

> என் பரிந்துரை: ஈட்டுப் பாகம்.

ஐயா, கருத்து பிடித்திருக்கிறது, சொல் இடறுகிறது. ஊரில் ஈடு என்றால் அடமானம். 'ஈட்டு' என்றால் சம்பாதி என்றும் படிப்பார்கள். விமானத்தை அடகு வைத்து மீட்டதாக யாராவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

'ஈடுசெய் பாகம்' என்று வைத்தால் என்ன? அரசு அலுவலகங்களில் 'ஈடுசெய் விடுப்பு' புழங்குகிறது. யாருக்கும் அடகு நினைவு வருவதில்லை. வினைத்தொகை, அதனால் நடுவில் 'ப்' போட வேண்டாம்.

பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. லேத்தில் கடைந்து போட்டதை எங்கள் ஆட்கள் 'செஞ்சு போட்டது' என்பார்கள், கடையில் வாங்கும் மட்டச் சரக்கைத்தான் 'டூப்ளிகேட்' என்பார்கள். அந்த வேறுபாடு ஈடுசெய் பாகத்தில் நிற்கிறது, போலியில் நிற்காது.

—

> 'ஈடுசெய் பாகம்' என்று வைத்தால் என்ன?

சரி, ஒப்புக்கொள்கிறேன். வகைகளை மட்டும் வரைபட ஈடு, அளவை ஈடு, தோற்ற ஈடு என்றே விட்டுவிடலாமா? முழுச்சொல் அருகிலேயே வருவதால் அடகுக் குழப்பம் வராது. திருப்பிச் செய்ததற்கு 'எதிர்ப்பக்க ஈடு' என்று போட்டிருக்கிறேன், அது அவ்வளவு திருப்தியாக இல்லை. நல்லது தோன்றினால் எழுதுங்கள். வரும் ஞாயிறு வரை பார்த்துவிட்டு விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுகிறேன்.

பாகங்களை அசையாமல் பிடித்து வைத்துப் பொருத்தும் ஜிக் சட்டத்துக்கும் சொல் வேண்டும். அதை இங்கே கலக்க வேண்டாம், தனி இழை தொடங்குகிறேன்.