குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போகுமா?

கேட்டவர்: நடுவில் மாட்டியவன்

வீட்டில் ஒரு வாக்குவாதம் ஓயவே மாட்டேன் என்கிறது. தங்கையின் கணவர் சின்னதாகத் தொழில் நடத்துகிறார். குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் ரெண்டு பேரை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். தங்கையோ, "அந்தக் கூலியில் நீங்க ஒரு மாசம் குடும்பம் நடத்திக் காட்டுங்க" என்கிறாள். ரெண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல்தான் படுகிறது. கோபதாபத்தை விட்டுவிட்டு, ஏற்றிய இடங்களில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சொந்தத்தொழில்

நான் உங்கள் மச்சான் கட்சி. விலை ஏறினால் வாங்குவது குறையும். கூலியும் ஒரு விலைதானே? இதற்கு ஆராய்ச்சி எல்லாம் எதற்கு?

பதில்: சம்பளப்பட்டியல்

சொந்தத்தொழில் சார் சொல்வதைத்தான் பாடப்புத்தகமும் வெகுகாலம் சொன்னது. 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு ஏற்றியது. பக்கத்தில் இருக்கும் பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் எல்லையின் இரு பக்கத்துத் துரித உணவகங்களிலும் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆள் கணக்கை விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. மறுத்து எழுதியவர்களும் உண்டு, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்ததற்கு இந்த மாதிரி ஆய்வுகளும் ஒரு காரணம்.

ஏன் குறையவில்லை? கூலியைப் பெரும்பாலும் முதலாளிதான் சொல்கிறார், தொழிலாளி தலையாட்டுகிறார். ஓர் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும், ஆனாலும் கூலியை ஏற்ற மாட்டார்கள். புதிதாக வருகிறவருக்கு ஏற்றினால் ஏற்கெனவே இருக்கிற அத்தனை பேருக்கும் ஏற்றவேண்டுமே! பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் இதை 1933-லேயே விளக்கிவிட்டார். சட்டமே எல்லோருக்கும் ஏற்றிவிட்டால், அந்தக் காலி இடத்துக்கு ஆள் எடுக்கத் தயக்கம் இருக்காது.

இனி என் அனுபவம். சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. கூலி ஏறிய மாதம் யாரும் எடுத்த எடுப்பில் ஆளை நிறுத்தச் சொல்வதில்லை. முதலில் ஓவர்டைமில் கை வைப்பார்கள். அப்புறம் ஷிப்டை அரை மணி நேரம் சுருக்குவார்கள். இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள்: இதுவரை தனியாகக் கொடுத்துவந்த வருகைப் படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்து "ஏற்றியாச்சு" என்பார்கள். ஒரு கட்டத்தில் இருந்த தொகை பக்கத்துக் கட்டத்துக்குப் போகும், கடைசி வரியில் மொத்தம் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் மணிக்கூலியை 13 டாலர் வரை கொண்டுபோனபோது வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு கண்டதும் வேலை நேரக் குறைப்பைத்தான். அதே நகரத்து உணவகங்களைப் பார்த்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவோ வேலை குறையவில்லை என்றது. ஆகவே எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள், எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கிறது என்றும் பாருங்கள்.

யாரும் பேசாத இன்னொரு தலைவலி மூத்த தொழிலாளி. மெஷினை ஓட்டுகிறவருக்கும் நேற்று சேர்ந்த எடுபிடிப் பையனுக்கும் இருந்த வித்தியாசம் ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும். "அப்போ என் அனுபவத்துக்கு என்ன மதிப்பு?" என்று அந்த மூத்தவர் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அவருக்கும் கொஞ்சம் ஏற்றித்தான் ஆகவேண்டும். உங்கள் மச்சானின் பயத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பதில்: ராத்திரி ஷிப்ட்

ஏற்றுவது இருக்கட்டும், இப்போது சட்டத்தில் இருப்பதைக் கொடுக்கிறார்களா? நான் கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கைக்கு வருவது வேறு. கேட்டால் அடுத்த வாரம் ஷிப்ட் கிடையாது. சோதனை போட அதிகாரி வராத இடத்தில் எந்த எண்ணை எழுதினால் என்ன?

கேட்டவர்: நடுவில் மாட்டியவன்

சம்பளப்பட்டியல் சார், மச்சானிடம் படித்துக் காட்டினேன். மூத்த ஆள் விஷயத்தில் சிரித்துவிட்டார். ஆனால் "அந்தப் பணம் எங்கிருந்து வரும்?" என்கிறார்.

பதில்: சம்பளப்பட்டியல்

முதலில், சார் இல்லை, அக்கா.

ராத்திரி ஷிப்ட் தம்பி சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. அந்த ரெண்டு தொகையையும் ஒரே பேனாவில் எழுதச் சொல்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஹங்கேரி நல்ல உதாரணம். 2001-லும் 2002-லும் அங்கே குறைந்தபட்சக் கூலி கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பின்னால் கணக்குப் போட்டவர்கள், கூடுதல் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை விலை வழியாக வாடிக்கையாளர்களும், கால் பங்கை லாபம் குறைந்து முதலாளிகளும் சுமந்தார்கள் என்றார்கள். வேலை இழப்பு சிறிதுதான். அதுவும் வெளிநாட்டுப் போட்டியால் விலையை ஏற்றமுடியாத தொழில்களில்தான் அதிகம். மச்சான் என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார்? பக்கத்தில் இருப்பவர்களுக்கே என்றால் அவருடைய போட்டியாளருக்கும் அதே நாளில் கூலி ஏறும், பயமில்லை. ஏற்றுமதி என்றால் அவர் கவலை நிஜம்.

என்னைக் கேட்டால் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் வருஷா வருஷம் கொஞ்சமாக, தேதியை முன்கூட்டிச் சொல்லி. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச மணிக்கூலி 7.25 டாலர் 2009-க்குப் பிறகு அசையவே இல்லை. எண் நின்றாலும் விலைவாசி நிற்கவில்லை, ஆக ஒவ்வொரு வருஷமும் அது கூலிக் குறைப்பு. பிரிட்டனில் 1999-இல் மணிக்கு 3.60 பவுண்டில் தொடங்கினார்கள். முதலாளிகள், தொழிற்சங்கத்தினர், பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து உட்காரும் ஒரு குழு அங்கே ஆண்டுதோறும் பரிந்துரை கொடுக்கிறது. அப்படி இருந்தால் அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போதே சேர்த்துக்கொள்ளலாம்.

"சட்டப்படி கூலி ஏறினால் விலையும் ஏறும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். பெரிய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேட்டால் பாதிக்காவது ஒத்துக்கொள்வார்கள். நிறையப் பேர் கேட்பதே இல்லை.