எம்ஜி டிசி 1947: பெட்டியோடு வந்த உதிரிகளில் எது வண்டிக்குச் சொந்தம்?

டிசி_1250:
1947 எம்ஜி டிசி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வலது ஸ்டியரிங். வண்டியோடு ஒரு மரப்பெட்டி நிறைய சாமான்களும் கைமாறி வந்திருக்கின்றன. குரோம் பூச்சுக்குக் கொடுக்கும் முன், எது தொழிற்சாலையில் மாட்டியது, எது அந்தக் காலத்திலேயே கடையில் வாங்கிப் பொருத்தியது, எது நகல் என்று பிரித்துவிட வேண்டும்.

இருப்பவை: முதுகில் எஸ்எஃப்டி576 என்று போட்ட லூகாஸ் ஃபாக் விளக்கு. லூகாஸ் ஆல்டெட் ஹார்ன்; முத்திரையில் 47 மட்டும் தெரிகிறது. ஜேகர் ஸ்பீடோமீட்டர், முள் விட்டுவிட்டு ஏறுகிறது, "மாத்திடுங்க" என்கிறார்கள். நார்டெக் தகடு அடித்த சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப்), தனியாக.

இன்னொரு குழப்பமும் உண்டு. இன்ஜினில் கழற்றிய போல்ட்டுகள் 8 மி.மீ. காட்டுகின்றன. பிரிட்டிஷ் வண்டியில் மெட்ரிக் மரை ஏது, இன்ஜினையே யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பட்டறையில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

மரைக்கணக்கு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதை நம்பி நல்ல இன்ஜினைக் கழித்துவிடப் போகிறார்கள். டிசியின் எக்ஸ்பிஏஜி இன்ஜினில் மெட்ரிக் மரைதான் ஒரிஜினல். கவென்ட்ரியில் இருந்த அந்த இன்ஜின் தொழிற்சாலை பிரெஞ்சுக் கம்பெனியான ஹாட்ச்கிஸ்ஸுடையது. கார் அதிபர் மாரிஸ் (எம்ஜியின் 'எம்' அவர்தான்) அதை 1923-ல் வாங்கினார். இயந்திரங்கள் மெட்ரிக்கில் இருந்ததால் மரை அப்படியே தொடர்ந்தது. போல்ட் தலையை மட்டும் பிரிட்டிஷ் ஸ்பானருக்கு ஏற்ப விட்வொர்த் என்ற பழைய அங்குல அளவில் வைத்துக்கொண்டார்கள்.

கவனம் வேண்டிய இடம் இது: அந்த 8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 1.0 மி.மீ. இன்று கடையில் எம்8 என்று கேட்டால் 1.25 பிட்ச்தான் கையில் கொடுப்பார்கள். அது இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பானரில் எத்தினால் பிளாக்கில் மரை போய்விடும். தலை 1/4 விட்வொர்த் என்றால் அகலம் 13.3 மி.மீ.; 13 ஸ்பானர் ஏறாது, 14 போட்டால் முனை மழுங்கும். விட்வொர்த் ஸ்பானர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். இன்ஜின் எண்ணைப் பிளாக்கில் உள்ள எண்கோணப் பித்தளைத் தகட்டில் பாருங்கள். அந்தத் தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

இன்ஜினைத் தாண்டி சேஸி, விளக்கு, மின்சாமான் எல்லாம் பிஎஸ்எஃப், பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் மரைகள். நகலைப் பிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. விளக்கின் சிறு திருகைக் கழற்றி வெர்னியரில் அளந்து பாருங்கள். 2பிஏ என்றால் விட்டம் 4.7 மி.மீ., பிட்ச் 0.81. நகலில் வரும் மெட்ரிக் எம்5 என்றால் 5.0, பிட்ச் 0.8. பிட்ச் கேஜ் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் காட்டும், விட்டம்தான் காட்டிக்கொடுக்கும். 1/4 பிஎஸ்எஃப், எம்6 சங்கதியும் அதேதான்: பிஎஸ்எஃப்பில் அங்குலத்துக்கு 26 மரை, விட்டம் 6.35; எம்6-ல் 25.4 மரை, விட்டம் 6.0. திருகு மட்டும் மாறியிருக்கலாம் என்பதால், திருகு போகிற துளையையும் சேர்த்துச் சோதியுங்கள்.

லூகாஸ்_தேதி:
சார், எஸ்எஃப்டி576 இந்த வண்டிக்கு உரியதே இல்லை. அது 1950களின் பின்பாதி, 60களில் ஜாகுவார் மாதிரி வண்டிகளில் பார்க்கிற விளக்கு. டிசிக்கு உரியது எஃப்டி27. முன்னாலுள்ள பேட்ஜ் பாரில் (பேட்ஜ் மாட்டும் குறுக்குக் கம்பி) ஒரு பக்கம் ஆல்டெட் ஹார்ன், மறு பக்கம் அந்த விளக்கு. உங்கள் விளக்கின் கண்ணாடியையும் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' (E) எழுத்தும் எண்ணும் இருந்தால் (இ11 பிரிட்டன், இ1 ஜெர்மனி, இ2 பிரான்ஸ்) அது 1958 ஐரோப்பிய உடன்பாட்டுக்குப் பிறகு வந்த முத்திரை. யார் என்ன கதை சொன்னாலும் 1947-ல் அது இருக்க வழியில்லை. 'லூகாஸ் டிவிஎஸ்' என்று இருந்தால் நம்ம சென்னை பாடி தொழிற்சாலை, 1960களுக்குப் பிறகு.

ஹார்னில் 47-க்கு முன்னால் மாதம் இருக்க வேண்டும்: '5 47' என்றால் 1947 மே. டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார் எல்லாவற்றிலும் இப்படித்தான் குத்தியிருப்பார்கள். டைனமோவில் சி45ஒய்வி என்ற மாடல் எண்ணும் வரும். விளக்குகளில் தேதி எப்போதும் இருக்காது, அதை நம்ப வேண்டாம். வண்டி கட்டிய மாதத்துக்குச் சில வாரம் முதல் சில மாதம் முந்தைய தேதி என்றால் பொருத்தம். தேதி வண்டிக்குப் பின்னால் போனால் பிறகு மாற்றியது. பல வருடம் முந்தியிருந்தால் வேறு வண்டியிலிருந்து வந்தது.

தேய்ந்த முத்திரைக்கு எமரி, கம்பி பிரஷ், சாண்ட் பிளாஸ்ட் மூன்றும் ஆகாது. குத்து ஆழம் குறைவு, ஒரு தேய்ப்பில் போய்விடும். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் சாக்பீஸ் தூளைத் தடவித் துடையுங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எண் எழுந்து நிற்கும். அப்போதே ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பூச்சுக்காரர் பாலிஷ் போட்டபின் அந்த எண்ணை மறுபடி பார்க்க முடியாது.

கேபிள்_கோவை:
ஸ்பீடோமீட்டரைக் கழட்டிப் போட்டுடாதீங்க! அது கெடலைங்க. ஜேகர் குரோனோமெட்ரிக் அப்படித்தான் ஓடும். குறிப்பிட்ட நேரத்துக்கு கேபிள் எத்தனை சுற்று சுற்றுச்சுன்னு எண்ணி, அப்புறம் முள்ளை நகர்த்தும். அதனால படிப்படியாத்தான் ஏறும், இறங்கும். வழுவழுன்னு ஏறினா பின்னால வந்த காந்த மாடலை உள்ளே வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். டயல் இடம் மாறியிருக்குன்னும் குழம்பாதீங்க, டிசியில ஓட்டுறவருக்கு நேரா இருக்கிறது ஆர்பிஎம் டயல். ஸ்பீடோ பக்கத்து ஆளுக்கு நேரா.

இந்த வண்டிக்கு உண்டான அளவுதானான்னு பார்க்க, மீட்டர் செய்யற ஸ்மித்ஸ் கம்பெனியோட கணக்கு ஒண்ணு இருக்கு. ஸ்பீடோ முனையில கேபிளைக் கழட்டி, உள் கம்பியில ஒரு அட்டைக் கொடி ஒட்டுங்க. வண்டியை நேரா தள்ளி, பின் சக்கரம் 6 சுற்று வர்றதுக்குள்ள கொடி எத்தனை சுற்று வருதுன்னு எண்ணுங்க. அதை 1680-ஆல பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரை வரைக்கும் உள்ள அங்குலத்தால வகுத்தா ஒரு மைலுக்கான கேபிள் சுற்று. 12½ சுற்று, 13¼ அங்குலம்னு வெச்சுக்கிட்டா 1585. ரெண்டு பின் சக்கரமும் தரையில இருக்கணுங்க. ஒண்ணை மட்டும் ஜாக்கியில தூக்கிச் சுத்தினா டிஃபரன்ஷியல் காரணமா விடை பாதிதான் வரும். டயர் 4.50-19 தானான்னும் பார்த்துக்குங்க.

டிசி_1250:
நன்றி. ஹார்ன் '6 47' என்று தெளிவாக வந்துவிட்டது. விளக்கின் திருகு 4.96, துளையில் எம்5 சுலபமாக ஏறுகிறது, கண்ணாடியில் இ11. சூப்பர்சார்ஜர் பற்றி?

மரைக்கணக்கு:
அப்படியானால் விளக்கு பிற்கால நகல். விற்கிறவரிடம் சண்டை போட அது போதும், வேறெதற்கும் ஆகாது.

நார்டெக் என்பது சர்ரேயின் வைட்லீஃபில் இருந்த நார்த் டவுன்ஸ் இன்ஜினியரிங். டிசிக்கு மார்ஷல் ஜே75 சூப்பர்சார்ஜர் கிட் விற்றார்கள். கடையில் வாங்கிப் போட்ட அக்காலச் சாதனம், எம்ஜி தொழிற்சாலை போட்டதில்லை. தகடு ஒரிஜினலா என்பது ஒரு கேள்வி, அது இந்த வண்டியில் ஓடியதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்கு விடை வண்டியில்தான்: கிராங்க் புல்லியில் கூடுதல் பெல்ட் பள்ளம், பிராக்கெட் உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் அழுந்திய வட்டம், ஒற்றை கார்புரேட்டருக்கு மாற்றிய பெட்ரோல் குழாய். எதுவும் இல்லாமல் வண்டியின் அசல் 1¼ அங்குல எஸ்யூ இரட்டை கார்புரேட்டர் அசையாமல் இருந்தால், சூப்பர்சார்ஜர் வேறு வண்டியிலிருந்து வந்தது.

லூகாஸ்_தேதி:
எஃப்டி27 தேடும்போது பேட்ஜ் பாரை முதலில் துடைத்துப் பாருங்கள். பழைய விளக்குக் காலின் கீழ் குரோம் பளபளப்பாகவும், சுற்றி மங்கலாகவும் ஒரு தடம் இருக்கும். அதன் அகலத்தை அளந்து விற்பவரிடம் காலின் அளவைக் கேளுங்கள். வார்ப்பு நகல் என்றால் பித்தளை ஆறும்போது சுமார் 1.5% சுருங்கும்: அசலில் 100 மி.மீ. இருப்பது நகலில் 98.5 ஆகிவிடும். சேஸி, இன்ஜின் எண் பொருத்தத்துக்கு ஆபிங்டனில் உள்ள எம்ஜி கார் கிளப்பின் டி ரெஜிஸ்டருக்கு (டி வரிசை வண்டிகளுக்கான பிரிவு) எழுதுங்கள். டிசி சேஸி எண்கள் 0251-ல் தொடங்கும். அந்த 251 அக்காலத்தில் எம்ஜி தொழிற்சாலையின் தொலைபேசி எண்.

விளக்கு கிடைத்ததும் எல்இடி பல்பு போட்டுப் பார்க்காதீர்கள். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டி உடலோடு இணைந்தது), சாதாரண எல்இடி எரியாது; விளக்கு கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.