எம்113ஏ1: சூடானதும் இடப்பக்கம் இழுக்கிறது, டிராக்கும் கழன்றுவிட்டது. உதவுங்கள்

முதல்_டிராக்:
எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதத்துக்கு முன் ராணுவம் கழித்துவிட்ட ஒரு எம்113ஏ1 வாங்கினேன். டிராக்கில், அதாவது இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஓடும், வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டி. ஆயுதம் எதுவும் கிடையாது, வெறும் பெட்டிதான். பழைய உரிமையாளர் மூன்று வருடம் திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு நிறுத்தி வைத்திருந்தார். எஞ்சின் (டெட்ராய்ட் 6வி53) ஒரே சுற்றில் பற்றிக்கொண்டதால் நான் மயங்கிவிட்டேன். மற்றதை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிரச்சினை இதுதான். கிளம்பும்போது வண்டி நேராகப் போகிறது. பதினைந்து இருபது நிமிடம் ஓடியபின் மெல்ல இடப்பக்கம் இழுக்க ஆரம்பிக்கிறது. நேராகப் போக வலது லீவரைத் தொட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிவிடுகிறது.

இன்னொன்று: இடது டிராக் வாரத்துக்கு வாரம் தொய்கிறது. அட்ஜஸ்டரில் (டிராக்கை இறுக்கும் கருவி) கிரீஸ் அடித்து இறுக்கினேன். போன வாரம் சரிவான புல்தரையில் பின்னால் எடுத்துக்கொண்டே திருப்பினேன், இடது டிராக் கழன்று வெளியே வந்துவிட்டது. திரும்பப் போட ஒரு நாள் முழுக்க ஆயிற்று. இந்த முறை கழலக்கூடாது என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கி வைத்திருக்கிறேன். இப்போது இடப்பக்கம் இழுப்பது இன்னும் மோசம்!

எங்கே தொடங்குவது?

கிரீஸ்_கை:
இரண்டு பக்கமும் டிராக் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கூடக்குறைய இருந்தால் இப்படி இழுக்கும். இருந்தால் ஒன்றைக் கழற்றிச் சமமாக்குங்கள்.

முதல்_டிராக்:
எண்ணினேன். ஒரு பக்கம் 63, இன்னொரு பக்கம் 64! இதுதான் காரணமா? நாளைக்கே ஒன்றைக் கழற்றிவிடட்டுமா?

பழைய_மெக்கானிக்:
கழற்றாதீர்கள்! அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த வண்டியின் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் வகை. ஒவ்வொரு ரோடு வீலுக்கும் (டிராக்கின் மேல் உருண்டு வண்டியைத் தாங்கும் சக்கரம்) ஒரு முறுக்குக் கம்பி, வண்டியின் அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே போகிறது. இடது, வலது கம்பிகள் ஒரே இடத்தில் இருக்க முடியாது, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத்தான் கிடக்கும். அதனால் இரண்டு பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் அமையாது, டிராக்கின் நீளமும் ஒரு இணைப்பு வித்தியாசப்படும். புதிதாக வாங்குபவர்களில் பாதிப்பேர் இதை எண்ணிவிட்டுப் பயப்படுகிறார்கள். கிரீஸ்_கை, கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான்.

அதோடு, இணைப்பு எண்ணிக்கை காலையில் ஒன்று, சூடானபின் ஒன்று என்று மாறாது. இவருடைய வண்டி குளிர்ச்சியாக இருக்கும்போது நேராகப் போகிறது. எனவே சூடானால் என்ன மாறுகிறது என்று தேடுவதே சரி.

முதல்_டிராக், மூன்று கேள்விகள். இழுக்கும்போது கருகல் வாசனை வருகிறதா? உங்கள் வண்டியில் வழக்கமான இரண்டு லீவர் தவிர, பிவட் பிரேக்குக்கான தனிக் கைப்பிடிகள் உண்டா? ஓடி நிறுத்தியதும் எந்தப் பாகம் அதிகச் சூடு?

முதல்_டிராக்:
தனிக் கைப்பிடிகள் உண்டு. நான் இதுவரை தொட்டதே இல்லை. வாசனை… ஆமாம், காலடியிலிருந்து லேசாக வரும். பழைய வண்டி, பெயின்ட் காய்கிறது என்று நினைத்தேன்.

பழைய_மெக்கானிக்:
அந்த வாசனை துப்புக் கொடுக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வண்டி எப்படித் திரும்புகிறது என்று தெரிய வேண்டும். சாதாரண லீவரை இழுத்தால், டிஃபரன்ஷியலுக்குள் (எஞ்சின் சக்தியை இரண்டு டிராக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அந்தப் பக்கத்து பிரேக் பட்டை இறுகும். அந்தப் பக்க டிராக் எவ்வளவு மெதுவாகிறதோ அதே அளவு மறுபக்கம் வேகமாகும். ஒரு பக்கத்தை அப்படியே நிறுத்திவிட்டுத் திருப்புவது இல்லை இது. இரண்டு லீவரையும் சேர்த்து இழுத்தால் பிரேக். அந்தப் பட்டைகள் எண்ணெயில் மூழ்கி இருப்பவை. அவை உரசினால் எண்ணெய் சூடாகும், ஆனால் கருகல் வாசனை சட்டென்று மூக்குக்கு வராது.

பிவட் பிரேக் வேறு. அது உலர்ந்த டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக்கில் வேலை செய்வது, மிக மெதுவாகப் போகும்போது இறுக்கமான திருப்பத்துக்கு மட்டும். அது ஒட்டிக்கொண்டால் வாசனை நேராக ஓட்டுநர் மூக்குக்குத்தான்.

மழைத்தண்ணீர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிரேக்கைத் தேடுவதற்கு முன் இடது டிராக்கைத் தளர்த்துங்கள். மிக இறுக்கமான டிராக் அதுவே ஒரு பிரேக் மாதிரி. சக்தியைத் தின்னும், இணைப்பு முள் ரப்பரைத் தின்னும், ஐட்லர் (டிராக்கின் பின்முனையில் சுற்றும் சக்கரம்) தாங்கியையும் தின்னும். இழுப்பு இப்போது அதிகமானதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். இரண்டு கோளாறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தளர்த்தும்போது கவனம். அட்ஜஸ்டருக்குள் கிரீஸ் மிக அதிக அழுத்தத்தில் இருக்கிறது. விடுவிக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள், முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள், விரலால் அடைத்துப் பார்க்கவும் வேண்டாம். அழுத்தமான கிரீஸ் தோலுக்குள் புகுந்தால் வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே கை போய்விடும். அப்படி நடந்தால் வலிக்கவில்லை என்று வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளக்கும் முறை: சமதரையில் முன்னோக்கி ஓட்டி, பிரேக் தொடாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். அப்புறம்தான் அளவு. இந்த வண்டிக்கு மேலே தாங்கு உருளைகள் கிடையாது. டிராக்கின் மேல்பகுதி ரோடு வீல்களின் தலை மீதே படுத்திருக்கும். எந்த வீலுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று கையேட்டில் இருக்கிறது, அதை மட்டும் நம்புங்கள். கண்ணளவு வேண்டாம்.

வாரத்துக்கு வாரம் தொய்வது அட்ஜஸ்டரின் சீல் ஒழுகுவதாக இருக்கலாம். துடைத்துச் சுத்தமாக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துப் புதுக் கிரீஸ் தெரிகிறதா என்று பாருங்கள். தொய்ந்த டிராக், பக்கச் சரிவு, ரிவர்ஸில் திருப்பம். மூன்றும் சேர்ந்தால் யார் ஓட்டினாலும் கழலும். உங்கள் குற்றம் கால் பங்குதான்!

அப்படியே ஹல்லின் (வண்டி உடல்) அடியில் வடிகால் அடைப்புகளைத் திறந்தீர்களா? மூன்று வருடம் தார்ப்பாய் என்கிறீர்கள். இது தண்ணீரில் மிதக்கச் செய்த பெட்டி. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது போலவே, உள்ளே வந்த மழைநீரையும் வெளியே விடாது.

முதல்_டிராக்:
திறந்தேன். ஒரு வாளிக்கு மேல் கறுப்புத் தண்ணீர். ஒரு தவளையும் இருந்தது. உயிரோடுதான்.

டிராக்கைக் கையேட்டு அளவுக்குத் தளர்த்திவிட்டேன். அட்ஜஸ்டரில் புதுக் கிரீஸ் தெரிகிறது, சீல் போயிற்று என்று நினைக்கிறேன். தொலைவிலிருந்து சூடு பார்க்கும் தெர்மாமீட்டரும் வாங்கி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் அளந்தேன். இரண்டு பக்கமும் ஐந்தைந்து ரோடு வீல், ஐட்லர், ஃபைனல் டிரைவ் (டிராக்கைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கரப் பெட்டி) எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இடது பிவட் டிஸ்க் மட்டும் அடுப்பு. வலது டிஸ்க் கைவைக்கலாம் போல இருந்தது (வைக்கவில்லை). இழுப்பு குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது.

காலிபர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) இறுகிவிட்டது, சரியா? புதுசு தேடட்டுமா?

பழைய_மெக்கானிக்:
பொறுங்கள். பாகம் வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று. மூன்று வருடம் நின்ற வண்டி என்றதும் நானும் துருப்பிடித்த காலிபர் என்றுதான் நினைத்தேன். ஆனால் துருவால் இறுகியது காலையிலும் இறுகித்தான் இருக்கும். உங்களுடையது சூடானால்தான் பிடிக்கிறது.

சூடாகிப் பிடிக்கும்போதே சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டிராக்குக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இடது காலிபரின் ப்ளீட் நிப்பிளை (பிரேக் எண்ணெயை வெளியே விடும் திருகு) கால் சுற்றுத் திறங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம்.

எண்ணெய் பீய்ச்சி அடித்து டிஸ்க் விடுபட்டால் காலிபர் நல்லது, அழுத்தம் மேலே எங்கோ சிக்கி நிற்கிறது. ஒன்றும் வராமல் பிடித்தபடியே இருந்தால் காலிபர்தான் கெட்டது.

பீய்ச்சினால் மறுபடி சூடேற்றுங்கள். இந்த முறை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (கைப்பிடியை இழுத்தால் எண்ணெயை அழுத்தும் பாகம்) குழாய் கிளம்பும் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே திறந்ததும் விடுபட்டால் கோளாறு மாஸ்டரில். அங்கே திறந்தும் விடுபடவில்லை, நிப்பிளில் திறந்தால்தான் விடுபடுகிறது என்றால், நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது.

பிரேக் எண்ணெய் குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள். ராணுவ வண்டிகள் பலவற்றில் சிலிகோன் எண்ணெய், அதாவது டாட் 5. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4 அதோடு சேராது. தொட்டியில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கிரீஸ்_கை:
63-64 விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். பரிகாரமாக ஒன்று சொல்கிறேன்: எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது பல தர எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். இந்த டெட்ராய்ட் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், அதற்குச் சொல்வது ஒற்றைத் தர 40. இதை நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, படித்துச் சொல்கிறேன்.

முதல்_டிராக்:
கண்டுபிடித்துவிட்டேன்!

நிப்பிளைத் திறந்ததும் எண்ணெய் சுவர் வரை அடித்தது, டிஸ்க் விடுபட்டது. இரண்டாம் முறை மாஸ்டர் பக்கத்து இணைப்பைத் தளர்த்தினேன், அப்போதும் விடுபட்டது. அதாவது ஹோஸும் காலிபரும் நல்லவை. மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தால், இடது கைப்பிடியின் தள்ளுகம்பிக்கு அசைவே இல்லை. கைப்பிடியைத் தொடாமலே பிஸ்டனைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்கிறது. பூட்டு நட்டில் புதுக் கீறல்கள். யாரோ கைப்பிடி தொளதொளவென்று இருக்கிறதே என்று இறுக்கியிருக்கிறார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. எப்போதும் அழுத்துகிறது என்றால் காலையிலும் பிடிக்க வேண்டாமா?

பழைய_மெக்கானிக்:
வேண்டியதில்லை. பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து நின்றால்தான், குழாயில் உள்ள எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறந்திருக்கும். உங்கள் பிஸ்டன் அந்தத் துளையை மூடும் அளவுக்கு மட்டும் முன்னால் நிற்கிறது. காலையில் அழுத்தம் இல்லை, பிரேக் பிடிக்காது. ஓட ஓட எண்ணெய் சூடாகி விரிகிறது. விரிந்தது தொட்டிக்குப் போக வழியில்லை, அதனால் பேடைத் தள்ளுகிறது. பேட் உரசினால் இன்னும் சூடு, இன்னும் விரிவு. ஆறினால் சுருங்கித் தானே விட்டுவிடும். நீங்கள் முதல் பதிவில் சொன்ன அரை மணி நேரக் கணக்கு இதுதான்.

கையேட்டில் சொன்ன அளவு அசைவு வைத்துப் பூட்டு நட்டை இறுக்குங்கள். கைப்பிடி கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், இருக்கட்டும். இத்தனை சூடு கண்ட பேடையும் பாருங்கள், மேல் பளபளப்பாகிக் கண்ணாடி மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

முதல்_டிராக்:
சரிசெய்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். நேராகப் போகிறது! இரண்டு டிஸ்க்கும் ஒரே சூடு. அட்ஜஸ்டருக்குச் சீல் சொல்லியிருக்கிறேன், வரும்வரை ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் அளக்கிறேன். சரிவுப் பக்கம் போகப் போவதில்லை.

மழைத்தண்ணீர்:
மகிழ்ச்சி. இடதை இறுக்கியவர் வலதை மட்டும் விட்டுவைத்தாரா? அந்தத் தள்ளுகம்பியில் அசைவு இருக்கிறதா?

முதல்_டிராக்:
…பார்க்கவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன்.